19 பெர்சன்ட் காட்டின பிஎம்எஸ், 12.5 காட்டின டீமேட்: செம்பூர் மாமாவோட கணக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல், தமிழ் வருஷப் பிறப்புக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. எங்க பில்டிங் ரெண்டாவது மாடி மாமா ஒரு ஃபைலை தூக்கிட்டு வந்தார். மும்பை செம்பூர் சேடா நகர்ல முப்பது வருஷமா இருக்கறவர், பொதுத்துறை கம்பெனில ரிடையர் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, வயசு 67. டோம்பிவிலில இருந்த இன்னொரு ஃப்ளாட்டை வித்து அதுல 50 லட்சத்தை 2021 ஏப்ரல்ல ஒரு பிஎம்எஸ்ல (போர்ட்ஃபோலியோ மேனேஜ்மெண்ட் சர்வீஸ், ஃபீஸ் வாங்கிக்கிட்டு ஒரு மேனேஜர் நமக்காக ஷேர் வாங்கி விக்கறது) போட்டிருந்தார். பிஎம்எஸ்க்கு பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்பான செபி வெச்சிருக்கற மினிமமே 50 லட்சம்தான், அதனால அந்த தொகை.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, நாலு வருஷம் வருஷத்துக்கு 19 பெர்சன்ட்னு பிடிஎஃப் அனுப்பியிருக்கான். அப்படின்னா 50 லட்சம் ஒரு கோடி ஆகியிருக்கணுமோல்லியோ? ஸ்டேட்மெண்ட்ல 93.7 லட்சம்தானே இருக்கு?"

கரெக்டா கணக்கு போட்டிருந்தார். 1.19-ஐ நாலு தடவை பெருக்கினா 2.005 வரும், ஒரு கோடியே சொச்சம். 93.7-க்கு திருப்பி போட்டா 17 பெர்சன்ட்தான். ரெண்டு பெர்சன்ட் வித்தியாசம் எங்கன்னு ஃபைலை புரட்டினா பத்து நிமிஷத்துல கெடச்சிடுச்சு: ஒன்றரை பெர்சன்ட் ஃபீஸ், அது மேல 18 பெர்சன்ட் ஜிஎஸ்டி, புரோக்கரேஜ், கஸ்டடி சார்ஜ், எல்லாம் சேந்து ரெண்டை தொடுது. மேனேஜர் வாட்ஸ்அப்ல அனுப்பின பிடிஎஃப் ஃபீஸுக்கு முந்தின கணக்கு. செபி 2020-லயே பிஎம்எஸ் பெர்ஃபார்மன்ஸ் எல்லாத்தையும் ஃபீஸ், செலவு போக, டைம் வெயிட்டட் முறைல (எப்ப பணம் போட்டோம், எடுத்தோம்ங்கறதோட பாதிப்பு இல்லாம) காட்டணும்னு சொல்லிடுச்சு, அதனால அந்த பிடிஎஃப்பை நான் ஓரமா வெச்சுட்டேன்.

ஆனா மாமாவோட மனசுல இருந்த கேள்வி வேற, அதை கிளம்பற நேரத்துல வாசப்படில நின்னுதான் சொன்னார். "என் கைப்பட நானே ஷேர் வாங்கி பாத்துக்கற டீமேட் கணக்கு 12.5 தான் குடுத்திருக்கு. சும்மா கெடக்கற மார்க்கெட் இண்டெக்ஸ் நிஃப்டியே அவ்வளவு குடுத்திருக்கு. பேசாம அதையும் அவன்கிட்டயே குடுத்துடலாமான்னு இருக்கேன்."

அதை கேட்டதும்தான் உக்காந்து முழுசா பாக்கணும்னு தோணிச்சு, ஏன்னா 17-ஐயும் 12.5-ஐயும் அப்படியே பக்கத்துல வெச்சு பாக்கறது எனக்கு ஒப்பவே இல்ல. பணம் என்ன ரிஸ்க்ல ஓடி அந்த 17 வந்துச்சுங்கறதை பாக்காம எந்த பக்கம் நல்லா ஓடிச்சுன்னு சொல்லவே முடியாது.

நான் லோயர் பரேல்ல ஃபண்ட் அக்கவுண்டிங் வேலை பாக்கறேன், ஸோ டேட்டா சேக்கறது எனக்கு பழக்கம்தான், ஆனாலும் டீமேட் பக்கம் ரெண்டு வார இறுதி முழுசா தின்னுடுச்சு. பிஎம்எஸ்க்கு மாசாமாசம் வந்த ஸ்டேட்மெண்ட் 48-ம் மாமா பிரிண்ட் எடுத்து பஞ்ச் பண்ணி வெச்சிருந்தார். டீமேட்ல ஏழு ஷேர்தான், மூணு பேங்க், மத்தது எஃப்எம்சிஜி (சோப்பு, பிஸ்கட் மாதிரி அன்றாட சாமான் விக்கற கம்பெனி), பவர், ஒரு சாஃப்ட்வேர். ஆனா டிவிடெண்ட் பேங்க் அக்கவுண்ட்டுக்கு போயிடும், அதை பாஸ்புக்ல தேடி ஒவ்வொண்ணா சேக்கணும். ஒரு ஷேர் அஞ்சா ஸ்ப்ளிட் ஆன மாசம் விலை மட்டும் பாத்தா 80 பெர்சன்ட் விழுந்த மாதிரி நிக்கும், அதை சரி பண்ணலேன்னா மீதி கணக்கு எல்லாமே குப்பை. இன்னொண்ணு, 2022 ஜூன்ல நிஃப்டி 15,300 பக்கம் எறங்கினப்ப மாமா புதுசா 8 லட்சம் போட்டிருக்கார். அதனால எக்ஸெல்ல எக்ஸ்ஐஆர்ஆர் (பணம் போட்ட தேதியையும் கணக்குல எடுக்கற ரிட்டர்ன்) போட்டா 13.5 வருது, டைம் வெயிட்டடா போட்டா 12.5. அந்த ஒரு பெர்சன்ட் அவர் பணம் போட்ட நேரத்துக்கு கெடச்சது, ஷேரை தேர்ந்தெடுத்ததுக்கு கெடச்சது கிடையாது. பிஎம்எஸ்ஸோட ஒப்பிட 12.5-ஐத்தான் எடுக்கணும்.

அடுத்து நிஃப்டி. 2021 மார்ச் 31 அன்னிக்கு 14,690.70, 2025 மார்ச் 28 அன்னிக்கு 23,519.35. வருஷத்துக்கு 12.5 பெர்சன்ட். பிடிஎஃப்லயும் இதைத்தான் போட்டு "நாங்க 19, மார்க்கெட் 12.5"-னு பெருசா காட்டியிருந்தாங்க. ஆனா இது வெறும் விலை, டிவிடெண்ட் சேக்காதது. மியூச்சுவல் ஃபண்டுங்க 2018 பிப்ரவரில இருந்தே டிவிடெண்ட் சேத்த டிஆர்ஐயோடதான் ஒப்பிடணும்னு செபி ரூல் இருக்கு. அதை சேத்தா நிஃப்டி 14-ஐ ஒட்டி வருது. ரிஸ்க்கே இல்லாத பக்கம் 91 நாள் ட்ரஷரி பில், அதாவது கவர்மெண்ட் 91 நாளுக்கு வாங்கற கடன். அது 2021-ல 4-க்கும் கீழ, அப்புறம் 7 பக்கம் போச்சு. நாலு வருஷத்துக்கும் சேத்து 6-னு ரவுண்டா வெச்சுக்கிட்டேன். ஆக மார்க்கெட் ரிஸ்க் எடுத்ததுக்கு நிஃப்டி குடுத்த கூலி 14-ல 6 போக 8.

இப்பதான் விஷயத்துக்கு வரோம்.

ஜாக் ட்ரெய்னர் 1965-ல ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூல ஃபண்ட் மேனேஜர்களை எப்படி மதிப்பிடறதுன்னு ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன அளவு ரொம்ப எளிமை: வந்த ரிட்டர்ன்ல ரிஸ்க் இல்லாத வட்டியை கழி, மீதியை பீட்டாவால வகு. பீட்டான்னா மார்க்கெட் ஒரு பெர்சன்ட் ஏறி எறங்கறப்ப நம்ம போர்ட்ஃபோலியோ சராசரியா எத்தனை பெர்சன்ட் கூடவே ஏறி எறங்குதுங்கறது. அடுத்த வருஷமே வில்லியம் ஷார்ப் வகுக்கற எண்ணை மாத்தினார், பீட்டாவுக்கு பதிலா மொத்த ஏத்த எறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன். 1968-ல மைக்கேல் ஜென்சன் 115 ஃபண்டை எடுத்து, அந்த பீட்டாவுக்கு வந்திருக்க வேண்டியதை விட எவ்வளவு ஜாஸ்தி வந்துச்சுன்னு கழிச்சு பாத்தார், அதுதான் இன்னிக்கு எல்லாரும் ஆல்ஃபான்னு சொல்றது. அவர் கணக்குல சராசரி ஃபண்ட், செலவை கழிக்கறதுக்கு முன்னாடியே மார்க்கெட்டை தாண்டல.

பிஎம்எஸ்ஸோட ஃபேக்ட் ஷீட்ல பீட்டா 0.95-னு இருந்துச்சு. 19-ல 6 போக 13, அதை 0.95-ஆல வகுத்தா 13.7. நிஃப்டியோட ட்ரெய்னர் 8 தான், ஏன்னா அதோட பீட்டா 1. கேக்கவே பிரமாதமா இருக்கு, மார்க்கெட்டை விட கம்மி ரிஸ்க், ஆனா ஒன்றரை மடங்குக்கும் மேல கூலி.

எனக்கு அந்த 0.95 உறுத்திச்சு. போர்ட்ஃபோலியோல முக்கால்வாசி ஸ்மால்கேப், அதாவது சின்ன கம்பெனி ஷேர். 2024 செப்டம்பர் 26 அன்னிக்கு நிஃப்டி 26,216-ல முடிஞ்சுது, 2025 பிப்ரவரி 28-ல 22,124.70. 15.6 பெர்சன்ட் எறக்கம். அதே அஞ்சு மாசத்துல மாமாவோட பிஎம்எஸ் 24 பெர்சன்ட் எறங்கியிருக்கு. 0.95 பீட்டா வெச்ச போர்ட்ஃபோலியோ இப்படி எறங்கறது ரொம்ப விசித்திரம்.

காரணம் என்னன்னா அவங்க தினசரி ரிட்டர்ன் வெச்சு பீட்டா போட்டிருக்காங்க. சின்ன கம்பெனி ஷேர் தினமும் நல்லா கைமாறாது, வாங்கறவன் விக்கறவன் கம்மி, அதனால திங்கக்கிழமை நிஃப்டி விழுந்தா இந்த ஷேரோட விலைல அது செவ்வாய், புதன்னு மெல்ல மெல்லத்தான் தெரியும், சிலது 5 பெர்சன்ட் சர்க்யூட்ல (ஒரு நாள்ல அதுக்கு மேல விலை மாறக்கூடாதுங்கற எல்லை) மாட்டி மூணு நாள் தொடர்ந்து லாக் ஆகி நிக்கும். தினசரி கணக்குல திங்கக்கிழமை நிஃப்டி விழுந்தப்ப இது அசையவே இல்லன்னு பதிவாகும், செவ்வாய் நிஃப்டி சும்மா இருக்கறப்ப இது தானா விழுந்த மாதிரி பதிவாகும். ரெண்டும் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், பீட்டா கம்மியா வரும். நிதி ஆராய்ச்சியாளர்கள் ஷோல்ஸும் வில்லியம்ஸும் 1977-ல, டிம்சன் 1979-ல இதைப் பத்தியே விளக்கமா எழுதியிருக்காங்க, இது புது கண்டுபிடிப்பெல்லாம் கிடையாது.

சரின்னு வார கணக்கு போட்டேன், 1.2 வந்துச்சு. 48 மாச ரிட்டர்னை நிஃப்டி டிஆர்ஐயோட வெச்சு எக்ஸெல்ல ஸ்லோப் போட்டேன், அதுதான் பீட்டா, 1.45. மாமாவோட டீமேட்டுக்கு தினசரி 0.68, மாசாந்திரம் 0.70, பெரிய கம்பெனி ஷேர்ங்கறதால வித்தியாசமே இல்ல. பிஎம்எஸ்ல மட்டும் 0.95-ல இருந்து 1.45 வரைக்கும் ஓடுது. நாலு வருஷமா பணத்தை போட்டுட்டு வெயிட் பண்றவருக்கு தினசரி பீட்டாவால எந்த பிரயோஜனமும் இல்ல, மாசாந்திரத்தைத்தான் நான் எடுப்பேன்.

திருப்பி போடுவோம். பிஎம்எஸ்: 17-ல 6 போக 11, வகுத்தல் 1.45, வருது 7.6. டீமேட்: 12.5-ல 6 போக 6.5, வகுத்தல் 0.7, வருது 9.3. நிஃப்டி 8. 13.7-னு ஆரம்பிச்ச எண் 7.6-க்கு வந்து நிஃப்டிக்கு கீழ நிக்குது, மாமா வேண்டாம்னு தள்ள பாத்த டீமேட் மேல நிக்குது. வகுபடற எண்ணுல 13-க்கு பதிலா 11-னு சின்ன மாத்தம்தான், பெரிய அடி வகுக்கற பீட்டாவுல விழுந்துச்சு.

மாமாவுக்கு இதை எப்படி புரிய வெக்கறதுன்னு யோசிச்சு காசா சொன்னேன். பிஎம்எஸ்ல 69 ரூபா, ட்ரஷரி பில்ல 31 ரூபான்னு கலந்தா ஆட்டம் நிஃப்டி அளவுக்கு எறங்கிடும். அப்ப வர்ற ரிட்டர்ன் 13.6. சும்மா நிஃப்டியை அப்படியே காப்பி அடிக்கற ஒரு இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கியிருந்தா 14-ஐ ஒட்டி வந்திருக்கும், அதோட செலவு ரொம்ப சொற்பம். அதே மாதிரி நிஃப்டில 70 ரூபா, ட்ரஷரி பில்ல 30 ரூபா கலந்தா உங்க டீமேட் அளவு ஆட்டம், அதுக்கு 11.6 தான் வரும், உங்களுக்கு 12.5 வந்திருக்கு. மாமா ஒண்ணும் சொல்லல, பேப்பர்ல எழுதி ரெண்டு தடவை அவரே போட்டு பாத்துக்கிட்டார்.

ட்ரெய்னர் எண்ணை வருஷா வருஷம் போட்டு பாக்க நினைக்கறவங்க கவனிக்கணும், அது மோசமான வருஷத்துல தலைகீழா பேசும். 2022-23 நிதியாண்டுல நிஃப்டி 17,464-ல ஆரம்பிச்சு 17,359-ல முடிஞ்சுது, ஒண்ணுமே வரல. அந்த வருஷம் பிஎம்எஸ் மைனஸ் 4, டீமேட் மைனஸ் 2. வட்டி 6 கழிச்சா மைனஸ் 10, மைனஸ் 8. பீட்டாவால வகுத்தா பிஎம்எஸ் மைனஸ் 6.9, டீமேட் மைனஸ் 11.4. ஜாஸ்தி நஷ்டம், ஜாஸ்தி ரிஸ்க், ரெண்டும் உள்ள பக்கம் மேல நிக்குது! வகுபடற எண் மைனஸ் ஆனா பெரிய பீட்டாவால வகுக்க வகுக்க நஷ்டம் சின்னதா தெரியும். அந்த மாதிரி வருஷத்துக்கு ஆல்ஃபாவை பாக்கலாம், ட்ரெய்னரை தொடாதீங்க.

இது வரைக்கும் மாமா பக்கம் நல்லாதான் இருக்கு. ஆனா ஷார்ப் முறைல போட்டா கதை மாறுது, இதையும் மறைக்காம சொல்லணும். பிஎம்எஸ்ஸோட வருஷ ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 24, டீமேட்டுக்கு 14, நிஃப்டிக்கும் 14. 11-ஐ 24-ஆல வகுத்தா 0.46, 6.5-ஐ 14-ஆல வகுத்தாலும் 0.46, நிஃப்டிக்கு 0.57. ரெண்டும் சமம், ரெண்டும் நிஃப்டிக்கு கீழ. எப்படி இப்படின்னா, டீமேட்ல ஏழே ஷேர், அதுல மூணு பேங்க். மார்க்கெட்டோட சேந்து ஆடறது கம்மி, ஆனா தன்னோட சொந்த காரணத்துக்கு ஆடறது ரொம்ப ஜாஸ்தி. ஆர் ஸ்கொயர் 0.49 தான், அதாவது பாதி ஆட்டத்துக்கு மார்க்கெட்டுக்கும் சம்பந்தமே இல்ல. ட்ரெய்னர் அந்த பாதியை கணக்குலயே எடுக்காது, ஏன்னா அது இந்த போர்ட்ஃபோலியோ ஒரு பெரிய, பரவலான சொத்துல ஒரு துண்டுங்கற அனுமானத்துல போட்ட அளவு. மாமாவோட ஷேர் பணம் மொத்தமே இந்த ரெண்டுதான். அதனால டீமேட்டுக்கு 9.3-னு சொல்லி தட்டிக்குடுக்கறது எனக்கு சரியா படல, ஏழு ஷேரை பதினஞ்சாக்கினாலே அந்த தேவையில்லாத ஆட்டம் நல்லாவே குறையும்னு சொன்னேன். மாமாவுக்கு அது பிடிக்கல. அந்த ஏழும் அவர் ஒவ்வொண்ணா பாத்து பாத்து வாங்கினது.

ஆல்ஃபாவையும் போட்டேன். பிஎம்எஸ் 1.45 பீட்டாவுக்கு, வட்டி 6-ம் நிஃப்டி கூலி 8-ஓட 1.45 மடங்கும் சேத்து, 17.6 வந்திருக்கணும், 17 வந்துச்சு, மைனஸ் 0.6. டீமேட் பிளஸ் 0.9. இதை கேட்டதும் மாமா மொகத்துல ஒரு சந்தோஷம், "அப்ப நான் அவனை விட கெட்டிக்காரன்"-னார். அப்படி சொல்ல முடியாது மாமான்னு உடனே சொன்னேன், இந்த ஆய்வுல ரொம்ப முக்கியமான இடம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

டீமேட்ல மார்க்கெட்டோட சம்பந்தமில்லாத ஆட்டம் வருஷத்துக்கு 10 பெர்சன்ட். நாலு வருஷ டேட்டால ஆல்ஃபாவோட பிழை அதை ரெண்டால (நாலோட வர்க்கமூலம்) வகுத்தா வரும், 5 பெர்சன்ட். கணக்குக்காரங்க வழக்கமா அந்த பிழையோட ரெண்டு மடங்கை மேலயும் கீழயும் விட்டு பாப்பாங்க. ஆக 0.9-ங்கறது மைனஸ் 9-ல இருந்து பிளஸ் 11 வரைக்கும் எங்க வேணாலும் இருக்கலாம். அந்த 0.9 தெறமைதான், அதிர்ஷ்டம் இல்லன்னு நிரூபிக்க கிட்டத்தட்ட 500 வருஷ டேட்டா வேணும். பிஎம்எஸ்க்கும் அதே கதிதான், மேனேஜர் மோசம்னும் நம்மால சொல்ல முடியாது. நாலு வருஷ ரிட்டர்னை காட்டி தெறமை பேசற எந்த பிடிஎஃப்பும், அது யாரோடதா இருந்தாலும், ஆதாரம் இல்லாம பேசுது.

ஆனா பீட்டா அப்படி இல்ல. அதே 48 மாசத்துல பிஎம்எஸ் பீட்டா 1.2-க்கும் 1.7-க்கும் நடுவுலன்னு நம்பிக்கையா சொல்லலாம், டீமேட் 0.5-க்கும் 0.9-க்கும் நடுவுல. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு படவே இல்ல. நாலு வருஷத்துல உறுதியா தெரியறது எவ்வளவு ரிஸ்க் எடுத்தாங்கங்கறது மட்டும்தான், அதை எந்த பிடிஎஃப்லயும் முதல் பக்கத்துல போடறதில்ல.

நிஃப்டியோட மட்டும் ஒப்பிடறதும் முழு நியாயம் கிடையாது. ஸ்மால்கேப் போர்ட்ஃபோலியோவை ஸ்மால்கேப் இண்டெக்ஸோடயும் வெச்சு பாக்கணும், அந்த நாலு வருஷத்துல அது நிஃப்டியை நல்லாவே தாண்டி ஓடிச்சு. சின்ன கம்பெனிங்கறதுக்கே தனியா ஒரு கூலி உண்டுன்னு நிதித்துறை பேராசிரியர்கள் ஃபாமாவும் ஃப்ரெஞ்சும் 1990-கள்ல எழுதினாங்க, ஒரே ஒரு பீட்டா அதை பிடிக்காது. இதை சேத்தா பிஎம்எஸ் இன்னும் பின்னாடிதான் போகுது. வரியை நான் தொடல, அதுவும் பிஎம்எஸ்ல மேனேஜர் வாங்கி விக்க விக்க மாமா தன் கைல இருந்து தனியா கட்டினது.

மூணாவது ஞாயிறு, மாமா வீட்ல காபி சாப்ட்டுக்கிட்டே கடைசி பேப்பரை காட்டினேன். ரெண்டு பணத்தையும் சேத்தா 141.7 லட்சம், பிஎம்எஸ் 93.7, டீமேட் 48. சேந்த பீட்டா 1.2. 67 வயசுல மார்க்கெட்டை விட ஜாஸ்தி ஆடற பணம். 2020-ல ஜனவரி 14-ல இருந்து மார்ச் 23 வரைக்கும் நிஃப்டி 12,362-ல இருந்து 7,610-க்கு வந்துச்சு, 38 பெர்சன்ட். அதே மாதிரி இன்னொரு தடவை வந்தா, தோராயமா, பிஎம்எஸ் 93.7 லட்சம் 41.5 ஆகும், டீமேட் 48 லட்சம் 35 ஆகும்.

அது வரைக்கும் சமையல் உள்ள இருந்தே கேட்டுக்கிட்டிருந்த மாமி வெளில வந்து பேப்பரை வாங்கி பாத்தா. "டோம்பிவிலி வீட்டை வித்தப்ப வந்ததை விட கம்மியாயிடுமா இது?"

ஆமா மாமின்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசல.

என்ன பண்ணணும்னு நான் சொல்லல, நான் செபில பதிவு பண்ணின அட்வைசர் கிடையாது, கணக்கு மட்டும்தான் போட்டு குடுத்தேன். அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினாங்க. பிஎம்எஸ்ல 50 லட்சத்துக்கு கீழ போகாம 40 லட்சம் எடுக்கறது, மூணு வருஷம் தாண்டிட்டதால எக்ஸிட் லோட் (பணத்தை வெளிய எடுக்கறதுக்கான கட்டணம்) கெடையாது, லாபத்துக்கு மட்டும் வரி. அதுல 30 லட்சம் மாமி பேர்ல சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம், 8.2 பெர்சன்ட், ஒருத்தருக்கு 30 லட்சம்தான் லிமிட், மாமா பேர்ல ஏற்கனவே இருக்கு. மீதி பத்து பேங்க் டெபாசிட். இப்படி மாத்தினா மொத்தத்தோட பீட்டா 0.79-க்கு எறங்குது. டீமேட்டை பிஎம்எஸ்ஸுக்கு குடுக்கற பேச்சே அதுக்கப்பறம் வரல, ஏழு ஷேரை பதினஞ்சாக்கறதுக்கும் மாமா இன்னும் சம்மதிக்கல.

மேனேஜருக்கு ஒரு மெயில் நானும் மாமாவும் சேந்து எழுதினோம். ஃபீஸ் போன ரிட்டர்ன், டிஆர்ஐ பெஞ்ச்மார்க், மாசாந்திர பீட்டா, மூணும் ஒவ்வொரு ஸ்டேட்மெண்ட்லயும் வேணும்னு. முதல் ரெண்டுக்கும் சரின்னு பதில் வந்துடுச்சு. மூணாவதுக்கு மறுபடியும் அதே 0.95 போட்ட ஃபேக்ட் ஷீட்டை அனுப்பியிருக்காங்க, மாமா அதை ஃபைல்ல பஞ்ச் பண்ணிட்டு இன்னொரு மெயில் டைப் பண்ணிக்கிட்டிருக்கார்.